சடை நாய்க்கு மொட்டை போட மறுத்த கடை

திருச்சி தில்லைநகரில், குறுக்குத்தெரு ஒன்றின் மாடியில் இருக்கும் இந்த நாய்ப் பராமரிப்புக் கடைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன். அரை நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். வீட்டில் சடை நாய் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: வெயில் காலம் என்பதற்காக இவர்கள் முடியை ஒட்ட மழிப்பதில்லை. கேட்டாலும் மறுத்துவிடுகிறார்கள். காசை நீட்டிக்கொண்டு நிற்பவரிடம் "வேண்டாம்க்கா, அது நாய்க்கு நல்லதில்ல" என்று சொல்கிறார்கள், ஏன் என்பதையும் உட்காரவைத்து விளக்குகிறார்கள். இந்த ஊரில் நான் பார்த்த வேறு எந்தக் கடையும் இதைச் செய்யவில்லை.

நான் உறையூரில் தையல்கடை நடத்துகிறேன். எங்கள் மல்லிக்கு ஏழு வயது, ஆறரைக் கிலோ, உடம்பு முழுக்க வெள்ளை. பகல் பூராவும் மிஷின் பெடலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசல்படியில் கால் வைக்கும் முன்பே அவள் குரைப்பதில் எனக்குத் தெரிந்துவிடும்.

வாங்கும்போது பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் வெள்ளையாகச் சடையோடு சுருட்டின வாலோடு நிற்கும் சின்ன நாய் எல்லாமே பொமரேனியன்தான். இந்தக் கடையில் முதல் தடவை விவரம் எழுதிக்கொண்டபோது, இனம் என்ற இடத்தில் அங்கிருந்த தம்பி 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்று எழுதினார். இவர் வேலை தெரிந்தவர் என்று எனக்கு அப்போதே பட்டது. பொமரேனியன் என்பது பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா பகுதியின் பெயரைத் தாங்கிய நாய். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலி போனபோது வாங்கி வந்து பிரியமாக வளர்த்ததில் இங்கிலாந்தில் பேர் எடுத்தது. இன்று அமெரிக்கத் தர அளவுப்படி ஒரு நல்ல பொமரேனியன் ஏறத்தாழ 1.4 முதல் 3.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முகம் குட்டையாக, உடம்பு உருண்டையாக இருக்கும். நம் வீடுகளில் இருக்கும் இந்தியன் ஸ்பிட்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கேயே பல தலைமுறையாகப் பெருகிய நாய். நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகியது. நாய் இனங்களைப் பதிவு செய்யும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதைத் தனி இனமாகவே ஏற்றிருக்கிறது. இதில் சிறியது ஐந்திலிருந்து ஏழு கிலோ, பெரியது பன்னிரண்டிலிருந்து இருபது கிலோ வரை வரும். 1980-களிலும் 90-களிலும் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கஷ்டமாக இருந்ததால், நாய் வேண்டும் என்ற நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்கின. என் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் நாய் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வித்தியாசம் முடிவெட்டும் கடைக்கு எதற்கு என்று கேட்கலாம். அவசியம் வேண்டும். செல்போனில் பார்த்த பொமரேனியன் படத்தைக் காட்டி "இதே மாதிரி உருண்டையா வெட்டிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. ஸ்பிட்ஸுக்கு வாய்ப்பகுதி கொஞ்சம் நீளம், காலும் நீளம். அந்த உருண்டையைக் கொண்டுவர வேண்டுமென்றால் மேல்முடியைப் பாதிக்கு மேல் வெட்டித் தள்ள வேண்டும். இந்தக் கடையில் பாதத்தைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, காது நுனி, இவ்வளவுதான் கத்தரி படும். கழுத்தைச் சுற்றி நிற்கும் அடர்ந்த பிடரிமுடியையும், பின்தொடையில் தொங்கும் சடையையும், முதுகில் மடிந்து விழும் வால்முடியையும் தொடுவதே இல்லை. குளித்துச் சீவி வெளியே வரும்போது மல்லியின் கூம்பிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காது, கறுத்த மூக்கு எல்லாம் எடுப்பாகத் தெரியும். அதுதான் அவளுடைய இயல்பான அழகு.

இனி மொட்டை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சித்திரை பிறந்தால் திருச்சியில் நாற்பது டிகிரி சாதாரணம். அந்தச் சமயத்தில் நாய்க்கடைகளில் சடை நாய்கள் வரிசையில் இருக்கும். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "மொட்டை அடிச்சு விட்டுடுங்க, பாவம் புழுங்குது." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாசம் நாயின் உடம்பைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

துணியோடு பழகின கண்ணுக்கு மல்லியின் முடி இரண்டு அடுக்கு என்பது பார்த்தவுடன் தெரியும். மேலே நீளமாக, நேராக, கொஞ்சம் சொரசொரப்பாக நிற்கும் முடி. அதை விரலால் விலக்கினால் அடியில் மெத்தென்று அடர்ந்த குட்டை முடி. கோட்டுக்கு மேல்துணியும் லைனிங்கும் வைத்துத் தைப்பது மாதிரி. மேல்துணி வெயிலையும் மழையையும் தூசியையும் வாங்கிக்கொள்ளும், உள்துணி உடம்பின் சூட்டைக் காக்கும். மேல்துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு லைனிங்கோடு ஒரு ஆளை வெயிலில் அனுப்புவோமா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து நாக்கை நீட்டி இரைக்கிறதே, அதில்தான் உடம்பு ஆறுகிறது. முடியை மழித்தாலும் அதற்கு வியர்க்கப்போவதில்லை. மழித்தபின் வெள்ளை நாயின் வெளிர்தோல் நேராக வெயிலில் காயும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷத்துக்கு முன் வேறொரு கடையில் குளிப்பாட்ட விட்டிருந்தேன். சீவி மட்டும் கொடுங்கள் என்று சொல்லித்தான் விட்டேன். உள்ளே கொண்டுபோய் மிஷின் போட்டு முழுக்க ஒட்ட வெட்டிக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, வெயில் காலத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம் என்றார்கள். மல்லி வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அதைவிடக் கொடுமை பிறகு வந்தது. அடிமுடி சீக்கிரம் முளைத்தது, மேல்முடி வரவில்லை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல், மாதக்கணக்கில். கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்த்தார். நோய் எதுவும் இல்லை. ஸ்பிட்ஸ் வகை நாய்களுக்கு ஒட்ட வெட்டினால் இப்படி முடி வளர்ச்சி நின்றுபோவது உண்டு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். முழுதாக மூட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் அந்த இடத்து முடி மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மெலிசு. தினமும் கை வைத்துத் தடவுகிற எனக்கு அது தெரிகிறது.

தில்லைநகர்க் கடையில் மொட்டைக்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்றால், உதிர்ந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும் அடிமுடியை வெளியே எடுக்கிறார்கள். நாய் புழுங்குவதற்குக் காரணம் அந்தச் செத்த முடிதான். அதனால்தான் காற்று தோலுக்குப் போவதில்லை. தண்ணீர் படுவதற்கு முன்பே சீவி முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசை முக்கியம். சிக்கு விழுந்த முடியை நனைத்தால் அது இறுகிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதலில் பல் அகலமான சீப்பு, அப்புறம் அடிமுடி எடுக்கும் வளைபல் சீப்பு, கடைசியில் மெல்லிய கம்பிப்பற்கள் நெருக்கமாக இருக்கும் ஸ்லிக்கர் பிரஷ். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வரிவரியாக இறக்கிச் சீவுகிறார். ஒவ்வொரு வரியிலும் தோல் தெரிகிறதா என்று பார்க்கிறார். காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், பின்தொடைச் சடை, மூன்றிலும்தான் சிக்கு ஒளிந்திருக்கும். மேலோட்டமாகச் சீவுகிற கடைக்காரர்கள் இந்த மூன்று இடத்தையும் விட்டுவிடுவார்கள். உங்கள் நாயைக் கொண்டுபோன இடம் எப்படி என்று தெரிய வேண்டுமானால், வெளியே வந்ததும் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில். ஷாம்பூவைத் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து ஊற்றுகிறார்கள், அலசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறார்கள். நாம் தலைக்குப் போடும் ஷாம்பூ நாய்த்தோலுக்கு ஒத்துவராது. நம் தோலைவிட அதன் தோலுக்கு அமிலத்தன்மை குறைவு. உலர்த்துவதில்தான் இந்தக் கடையின் பொறுமை முழுதும் தெரிகிறது. ஸ்பிட்ஸ் நாய் மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு அனுப்பினால் நம் ஊர் புழுக்கத்தில் அரிப்பும் புண்ணும் வந்துவிடும். இவர்கள் காற்று அழுத்தமாக வரும் டிரையரைச் சூடு இல்லாமல் வைத்து, முடியைப் பிரித்துப் பிரித்துத் தோல் வரைக்கும் உலர்த்துகிறார்கள். அப்போது அடிமுடி பறக்கிற பறப்பைப் பார்க்க வேண்டும், தரை வெள்ளையாகிவிடும். மல்லி வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரமாவது என் ஜாக்கெட் துணிகளில் முடி ஒட்டாமல் இருக்கும். கறுப்புத் துணி தைக்கிறவளுக்கு அது எவ்வளவு நிம்மதி என்பதைச் சொல்லி முடியாது.

உண்ணி பார்ப்பதும் இந்த வேலையோடு சேர்ந்தே நடக்கிறது. கால் விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சடைக்குள் உண்ணி இருந்தால் வீட்டில் கண்ணில் படாது. நம் ஊரில் இருக்கும் பழுப்பு உண்ணி கடித்து எர்லிசியா கிருமி ஏறினால் நாய் சாப்பிடாது, சோர்ந்து படுக்கும், ஈறு வெளிறும், ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம்கூட வரலாம். போன மழைக்காலத்தில் இவர்கள் மல்லியின் விரல் இடுக்கில் ஒன்றைக் கண்டுபிடித்து, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, எனக்குக் காட்டிவிட்டுத்தான் போட்டார்கள். உண்ணி மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். கடையிலேயே மருந்து விற்றுக் காசு பார்க்காத இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

உடம்பைவிடக் குணத்தைத் தெரிந்து நடத்துவதுதான் பெரிய வேலை. ஸ்பிட்ஸ் குரைக்கும். வாசலில் காற்றுக்குத் துணி ஆடினாலும் குரைக்கும், மூன்றாவது வீட்டில் கேட் திறந்தாலும் குரைக்கும். காது அவ்வளவு கூர்மை, சந்தேகமும் அவ்வளவு அதிகம். இதைக் கோபம் என்று நினைப்பவர்கள் பலர். எனக்குத் தெரிந்தவரை அது காவல். வீட்டு ஆட்களை ஒரு வட்டத்துக்குள் வைத்திருக்கும், அதிலும் ஒருவரைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்த ஒருவர் எழுந்து அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வரும், குளிக்கப் போனால் கதவோரம் படுக்கும். வட்டத்துக்கு வெளியே இருப்பவர் குனிந்து நேராகத் தலையைத் தடவ வந்தால் பொறுத்துக்கொள்ளாது. வெடுக்கென்று கையைக் கவ்வும். சின்னக் குழந்தைகள் சடையைப் பிடித்து இழுக்கும் வீட்டில் இதைக் கவனத்தோடுதான் வளர்க்க வேண்டும். புத்தி அபாரம். நான் டேப்பை எடுத்துத் தோளில் போட்டால் வேலை, செருப்பைத் தேடினால் வெளியே கிளம்புகிறோம் என்று மல்லிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தனியாக விட்டுப் பூட்டிவிட்டுப் போனால்தான் தாங்காது, ஓயாமல் குரைத்துத் தெருவையே கூட்டிவிடும். வேலைக்குப் போய்விட்டு இரவில் வரும் வீடுகளுக்கு இந்த நாய் வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நாயை முன்பின் தெரியாத ஆள் மேஜைமேல் தூக்கி வைத்துக் காலைப் பிடித்தால் என்ன ஆகும்? அதனால்தான் முதல் நாள் அந்தத் தம்பி செய்ததை எழுதுகிறேன். மல்லியின் பக்கம் திரும்பவே இல்லை. என்னோடு பேசிக்கொண்டே தரையில், பக்கவாட்டில் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மல்லி குரைத்தாள், நின்றாள், சுற்றி வந்து முதுகுப்புறம் மோந்தாள். அப்புறம் கையை மோந்தாள். அதன்பிறகும் தலையில் கை வைக்காமல் மார்புப்பக்கம்தான் தடவினார். "தலைக்கு மேல கை வந்தா இவங்களுக்குப் பயம்க்கா. கீழயிருந்து போகணும்" என்றார். வாய்க்கட்டு எடுத்து வரவா என்று நான் கேட்டதற்கு, "கடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவள் கடிக்கவில்லை. பாதத்தைப் பிடித்தால் மட்டும் உருமுவாள். நகம் வெட்டும்போது ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் விட்டுப் பிடிக்கிறார்கள், நகத்துக்குள் ஓடும் ரத்தநாளத்தில் படாமல் நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். ஒரு நேரத்தில் அறையில் ஒரே நாய்தான். டிரையர் சத்தத்துக்குப் பயப்படும் நாய்களுக்குத் தலையைச் சுற்றி மெல்லிய துணிப்பட்டை போடுகிறார்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் வீட்டில் அதையே போடச் சொன்னார்கள், போட்டேன், பலன் இருக்கிறது.

இன்னொன்றும் நன்றியோடு சொல்ல வேண்டும். மேஜையில் நாய்களைக் கழுத்தில் சுருக்குப் போட்டு நிறுத்துவது பல இடத்தில் வழக்கம். இங்கே சின்ன நாய்களுக்கு மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான். இந்த அளவு நாய்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது உண்டு. கழுத்தில் இழுபட்டால் இருமல் வரும், நாளடைவில் குழாயே தட்டையாகலாம். அதைக் கேட்டபின் நடைக்குப் போகும்போதும் மார்புப்பட்டைக்கு மாற்றிவிட்டேன். மல்லி நடக்கும்போது எப்போதாவது ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டு தத்திவிட்டு, மறுபடி சாதாரணமாக நடப்பதைக் கவனித்ததும் இவர்கள்தான். முட்டிச்சில்லு இடம் நகர்கிறதோ என்னவோ, மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன். அதுவேதான். நாலு நிலையில் முதல் நிலை, அறுவை எதுவும் வேண்டாம், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள் என்றார் டாக்டர். சடைக்குள் உடம்பு எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விலா எலும்பைக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். அதையும் கற்றுக்கொடுத்தார்கள்.

அரை நட்சத்திரக் குறைக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் வாசனைத் திரவியம் அடிக்கிறார்கள். நாயின் மூக்குக்கு அது பெரிய தொந்தரவு, வீட்டுக்கு வந்ததும் மல்லி தரையில் புரண்டு துடைக்கப் பார்க்கிறாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் நாமே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பல் துலக்கலுக்குத் தனியாக நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறார்கள். அது வேண்டியதில்லை. இந்த நாய்களுக்குச் சின்னத் தாடையில் பல் நெருக்கம், காறை சீக்கிரம் படியும், அதனால் தினமும் வீட்டில் நாம்தான் துலக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கடையில் துலக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாடிப்படியும் செங்குத்து. முட்டி சரியில்லாத நாயைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அடிமுடி எடுத்து, குளிப்பாட்டி, உலர்த்தி, நகம் வெட்டி, காது துடைத்துத் தர, மல்லி அளவு நாய்க்கு ஆயிரத்து நூறு ரூபாய். இதைவிட மலிவான இடங்கள் உண்டு. இரண்டு மணி நேரம் ஒரு ஆள் ஒரு நாயோடு நிற்கிற வேலைக்கு இந்தக் கூலி நியாயம் என்பது என் எண்ணம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று அவர்களே சொல்கிறார்கள், அடிக்கடி வரச்சொல்லித் தூண்டுவதில்லை. நடுவில் வாரம் மூன்று நாள் வீட்டில் நாம் சீவ வேண்டும். எந்தச் சீப்பு என்று கேட்டால் காட்டுவார்கள்.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டு, காலையில் முதல் நேரத்தைக் கேளுங்கள். அப்போது மற்ற நாய்களின் வாசனையும் சத்தமும் குறைவு, வெயில் ஏறும் முன் வீடும் திரும்பிவிடலாம். கிளம்பும் முன் வயிறு முட்டச் சோறு போடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாத நாயை உள்ளே சேர்ப்பதில்லை. வாசனைத் திரவியம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லி, அவர்கள் நோட்டில் எழுதவும் வையுங்கள்.